குனிய மறுத்த கப்பா

ஒரு வீடியோ கேமுக்குள்ளே ஜப்பான் தேசம் மாதிரி ஒரு ஊர். அங்கே ஆற்றுப் பாலத்துக்குக் காவல், கப்பா என்கிற நீர்ப்பூதம். அதன் உச்சந்தலையில் ஒரு குழி. குழியில் தண்ணீர் இருக்கும்வரைதான் அதுக்குப் பலம். விளையாட வருகிறவர்கள் கத்தியை உருவவே மாட்டார்கள், குனிந்து ஒரு வணக்கம் போடுவார்கள். மரியாதைக்காரக் கப்பாவும் பதிலுக்குக் குனியும். தண்ணீர் கொட்டிப்போகும், பாலமும் பறிபோகும்.

"இன்னிக்காவது ஜெயிச்சுக் காட்டுடா," என்றது பாலத்தில் தொங்கிய காகித விளக்கு.

"குனியவே மாட்டேன், பாருண்ணே!"

ஒரு வீராங்கனை வந்தாள், குனிந்தாள். கப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அவள் இன்னும் தாழக் குனிந்தாள். கப்பாவுக்குப் பிடரி குறுகுறுத்தது. மூன்றாவது தடவை அவள் முட்டிபோட்டு, நெற்றி மண்ணில் பட வணங்கவும், "அட, போதும் தாயீ!" என்று அதுவும் தரையைத் தொடக் குனிந்துவிட்டது. மொத்தத் தண்ணீரும் காலி. கப்பா சுருண்டு விழுந்தது.

"கெட்டுது போ!" என்றது விளக்கு.

ஆனால் அவள் பாலம் ஏறவில்லை. ஆற்றில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிவந்து அந்தக் குழியில் ஊற்றினாள். அப்படி ஒருத்தரும் இதுவரை செய்ததில்லை.

கப்பா துள்ளி எழுந்தது. "ஏறு தாயீ முதுகுல!" என்று அவளைச் சுமந்துகொண்டு ஆற்றில் குதித்தது.

"அடேய், பாலம் இங்கே இருக்குடா!" என்று கத்தியது விளக்கு.

"அது நடந்து போறவங்களுக்குண்ணே!"