கையால் எழுதிய கார்டுகள்

"காபி ஆறிடப் போகுது, குடிச்சிட்டு எழுதுங்க." வாசற்படிக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டிக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள் மிஸஸ் லாண்ட்ரி.

ரஸ்ஸலுக்குக் கண் கலங்கியது. சிறையிலிருந்து வந்தவனுக்கு ஊரே கதவைச் சாத்தியபோது, நம்பி வீடு கொடுத்த ஒரே மனுஷி இவள்தான். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது வீடு, மூன்றுமே அவளுடையவை.

மேஜையில் நூறு கார்டுகள். இப்படிப்பட்ட ஆள் எங்கே குடிபோனாலும், ஒரு சிறுமிக்குத் தான் செய்ததைச் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் தானே கார்டு அனுப்பித் தெரிவிக்க வேண்டும். லூசியானா மாநிலத்தில் அதுதான் சட்டம். அச்சடித்தும் அனுப்பலாம். "கையால எழுதினா நாலு பேராவது இரக்கப்படுவாங்க" என்று மிஸஸ் லாண்ட்ரிதான் சொல்லியிருந்தாள்.

வெளியே எதிர்வீட்டு க்ளோவிஸ், முதலில் எழுதி அனுப்பிய கார்டை ஆட்டிக்கொண்டு கத்தினார். "எனக்கு ரெண்டு பேத்தி இருக்கு மேடம்! இந்த நாய்க்கு உங்க வீடுதான் கிடைச்சுதா?"

"எங்கயாவது இருந்துதானே ஆகணும், க்ளோவிஸ். என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்."

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். ரஸ்ஸல் தலையைக் குனிந்துகொண்டான்.

சாயங்காலம் பேனாவை மூடினான். "கடைசிக் கார்டும் முடிஞ்சுது மேடம்!"

"நல்லது. வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க."

"மறுபடியுமா? போன தடவை கூரை ஒழுகுதுன்னீங்க. இங்க என்ன குறை?"

"ஒரு குறையுமில்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு இன்னொரு வீடு இருக்கு. அங்க போங்க."

"அங்கயும் நூறு கார்டு எழுதணுமே! அங்கயும் மூஞ்சில துப்புவாங்களே!"

"துப்பட்டும்."

முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

"அங்க போனதும் முதல் கார்டை எனக்கு எழுதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பேருக்கு."

"அந்தப் பேரு எனக்கு எப்படித் தெரியும்?"

"கோர்ட்ல வாசிச்சாங்களே, அப்போ எனக்கு ஒம்பது வயசு."