இரண்டு வாசல் வீடு

அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே முயல் சோபாவுக்கு அடியில் பாய்ந்தது.

முயலின் மனசு தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பது அவருடைய நினைப்பு. அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே பழைய போர்வையைப் போர்த்தி, கூடத்து மூலையில் வைத்தார்.

"பயந்த ஜீவனுக்கு ஒளிய ஒரு இடம் வேணும். அப்புறம் தானா தைரியம் வந்து வெளியே வரும்" என்றார் மனைவியிடம்.

"அதுக்கு என்ன பயம்? குழாய் ரிப்பேருக்கு வந்தவர் மடியிலகூட ஏறி உட்கார்ந்துச்சு. உங்களைக் கண்டாத்தான் ஆகல."

முயல் பெட்டிக்குள் குடியேறியது. அவர் வீட்டில் இருந்தால் வெளியே தலைகாட்டுவதில்லை. கொத்தமல்லிக் கட்டோடு தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சியும் பார்த்தார். ஊஹூம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது எதுவும் தின்னவில்லை. மகள் அழுதேவிட்டாள். "அப்பா, கொஞ்ச நேரம் ஸ்டோர் ரூமுக்குள்ள இருங்களேன்."

பழைய பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கதவிடுக்கில் பார்த்தால், முயல் கொத்தமல்லியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது.

போன் அதிர்ந்தது. ஒரு பெண்மணி.

"டாக்டர், நேத்து உங்க கிளினிக்ல ஊசி போட்டதிலிருந்து எங்க முயல் ஒளிஞ்சே கிடக்கு. என்ன பண்றது?"

"பயந்த ஜீவனுக்கு ஒளிய ஒரு இடம் வேணும்மா" என்று கிசுகிசுத்தார்.

"ஏன் டாக்டர் இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?"

"போன வாரம் எங்க முயலுக்கும் நான்தாம்மா ஊசி போட்டேன். அது இப்பத்தான் வெளியே வந்திருக்கு. நான் ஒளிஞ்சிருக்கேன்."