ஆளுக்குப் பாதி

ஆற்றின் குறுக்கே பெரிய எருமை ஒன்று படுத்துக் கிடந்தது. அது எழுந்தால்தான் கீழே தண்ணீர் போகும். கீழ்வயலில் வளை தோண்டிக் குடியிருந்த எலி, எல்லைக்கல்லைச் சாட்சியாக வைத்து எருமையோடு ஒப்பந்தம் பேசியது: வருஷத்துத் தண்ணீரில் ஆளுக்குப் பாதி.

ஆவணியில் நாற்று கருகியது. எலி மூச்சிரைக்க ஓடியது.

"அண்ணே, என் பங்கு?"

"வரும் தங்கச்சி. நான் பேச்சு மாறுற ஆளா?" என்று எருமை வாலால் ஈ ஓட்டியது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தண்ணீர் தன் மூக்கைத் தொட்டதும் எருமை சட்டென்று எழுந்து நின்றது.

ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு எலி வெளியே வந்து திரும்புவதற்குள், வளையையும் மற்ற குட்டிகளையும் வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. எல்லைக்கல்லின் உச்சியில் எலி தொற்றிக்கொண்டது. குட்டியைக் கல்லின்மேல் இறக்கிவைத்து, "பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டது.

"பார்த்தேன். உன் பாதி வந்துவிட்டது," என்றது கல்.

மேலிருந்து எருமை குரல் கொடுத்தது: "கொஞ்சம் கூடவே விட்டிருக்கேன், தங்கச்சி. அடுத்த வருஷத்துல கழிச்சுக்கலாம்."