டிசம்பர்க்காரன்

‘பத்து வயதுப் பிள்ளைகளை இடித்து விழுத்திவிட்டு ஓடுவதற்குப் பெயர் திறமையாம்.’ நதீஷா இதை மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டாள். மல்வேர்ன் உள்ளரங்க மைதானத்தில் வின்சன்ற் அண்ணையின் சிவப்பு அணி இன்னொரு கோல் போட்டது. வாங்குகளில் இருந்த அப்பாமார் தாங்களே உதைத்ததுபோல எழும்பிக் குதித்தார்கள்.

அவளுடைய கணவன் மரியோவும் குதித்தான். அவன் கையில் மகனுக்கென்று வாங்கிய சிவப்பு ஜேர்சி. முதுகில் ஏழாம் இலக்கமும் பெயரும் அச்சடித்தாயிற்று.

குதித்து முடிந்ததும், அவளுடைய சப்பாத்து லேஸ் அவிழ்ந்திருப்பதைக் கண்டு குனிந்து கட்டிவிட்டான். கட்டிய பின்னும் எழும்பவில்லை. ஏதோ கேட்கப்போகிறான் என்று அவளுக்கு விளங்கியது.

“நதீஷா, அந்தத் திகதி விசயம்... ஒருக்கா யோசியுமன்.”

“யோசிச்சாச்சு.”

இடைவேளைக்கு வின்சன்ற் அண்ணை கோப்பியோடு படியேறி வந்தார். அவருடைய ஜக்கெற்றின் நெஞ்சிலும் முதுகிலும் ‘கோச்’ என்று எழுதியிருந்தது. யாராவது மறந்துவிடுவார்களோ என்ற பயம்போலும்.

“தங்கச்சி, நான் கனகாலமா பெடியளைப் பாக்கிறன். ஜனவரி ஒண்டுதான் வயசு பிரிக்கிற கோடு. ஜனவரியில பிறந்தவன் தன்ர குறூப்பில மூத்தவன், பெரியவன். டிசம்பர்க்காரன் கடைக்குட்டி, எல்லாரிட்டயும் இடி வாங்குவான். அங்க பாருங்கோ, என்ர ரீமில டிசம்பர் ஒருத்தனும் இல்லை.”

“அப்ப உது பயிற்சி இல்லை அண்ணை. பிறந்தநாள்.”

மரியோ தொண்டையைச் செருமினான். வின்சன்ற் அண்ணைக்கு அந்தக் குத்தல் உறைக்கவில்லை.

“பகிடி விடாதேங்கோ. இண்டைக்குக் கப் அடிக்கிறவன்தான் நாளைக்கு ஹைஸ்கூலின்ர முதல் ரீம், வார்சிற்றி ரீம். அங்கயிருந்து ஸ்கொலர்ஷிப். எல்லாம் இஞ்சதான் தொடங்குது.”

நதீஷா உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. வின்சன்ற் அண்ணை முதன்முதலாகக் கிண்ணம் வாங்கிக்கொடுத்த பையன்கள் இப்போது அவளுடைய வகுப்பில்தான் புவியியல் படிக்கிறார்கள். படிக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை, இருக்கிறார்கள்.

“உங்கட சாம்பியன்மார் எங்கட பள்ளிக்கூடத்திலதான் அண்ணை. வார்சிற்றி ரீமில ஒருத்தனும் இல்லை.”

“அது அந்தக் கோச் சரியில்லை.”

“இந்த வருசம் அந்த ரீம்தான் பைனல் வெண்டது.”

“ஆர் கப்டன்?”

“நிதுசன். சின்னன் எண்டு நீங்கள் ரீமில இருந்து கலைச்சுவிட்ட பெடியன்.”

வின்சன்ற் அண்ணை ஆறுதலாக ஒரு மிடறு கோப்பி குடித்தார். “அவனோ? அவனைப் பழக்கினதே நான்தான்.”

அவரோடு கோபிப்பது வீண் என்று அவளுக்குத் தோன்றியது. மரியோவைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. முன்பு ஒஷாவா நகர அணியில் அவன் ஒரு பருவம் முழுவதும் மாற்று ஆட்டக்காரனாக வாங்கிலேயே இருந்தவன். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்த வாங்கிலிருந்து எழும்புவதற்கு அவனுக்கு ஒரு மகன் தேவைப்பட்டான்.

இவர்கள் பேசும் ஏழாம் இலக்கத்து வீரனை அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தவன் வேறொருவன். பாட்டுப் போட்டால் அடங்குகிறவன், அவள் படுத்தவுடன் விழித்துக்கொள்கிறவன். அவனுக்கு என்ன விருப்பம் என்று இந்த இரண்டு பேரும் ஒருதரம்கூட யோசிக்கவில்லை.

“நாலைஞ்சு நாள்தானே,” என்றான் மரியோ. “தள்ளிப் போட்டால் ஜனவரி. அதில என்ன குடி முழுகப்போகுது?”

வின்சன்ற் அண்ணை சிரித்தார். “எங்கட ஆக்களில ஆற்ற திகதி சரி, தங்கச்சி? கஸ்பர் மாமாவுக்கு, இஞ்ச கூட்டிவந்த ஏஜென்ற் பாஸ்போட்டில பிறந்த திகதி ஜனவரி ஒண்டு எண்டு போட்டுவிட்டவன். மனுசன் அதை வைச்சுத்தான் பென்சன் எடுக்கிறார், கேக்கும் வெட்டுறார்.”

“அவர் உயிரைக் காப்பாத்த ஓடி வந்தவர் அண்ணை. நீங்கள் ஒரு பந்துக்காக நிக்கிறியள்.”

“ஐயோ, பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லையே!” மரியோ அவசரமாகத் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினான். “எல்லாம் முறையாத்தான் நடக்கும். இண்டைக்கு ஒஃபிஸில பிரதீபாதான் நிக்கிறா. நான் கேட்டுப் பாத்தனான், என்ர சொல் காணாதாம். நீர் ஒரு வார்த்தை சொன்னால் மாத்தலாமோ எண்டு பாப்பாவாம்.”

அவன் தொலைபேசியை நீட்டினான். கெஞ்சுகிற முகம். அந்த முகத்துக்காக இதுவரை எத்தனையோ விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவனுடைய அம்மா தெரிந்தெடுத்த வீடு, அவனுடைய தம்பி தெரிந்தெடுத்த கார், அவனுடைய நண்பர்கள் எடுத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகள். அந்த முகத்தை மறுக்க முடியாது என்றுதான் அவனும் நம்பியிருந்தான்.

இரண்டு ஆண்களும், பெனல்ரி உதைக்கப்போகிறவளைப் பார்ப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

நதீஷா தொலைபேசியைக் காதில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“பிரதீபா, டொக்டர் சொன்னபடி நாளைக்குக் காலமையே ஒப்பரேஷனுக்கு வாறன். பிள்ளை டிசம்பரிலயே பிறக்கட்டும்.”