பதினொரு வைத்தியம்

கருப்பிக் கோழிக்கு இறகு உதிரும் காலம். தீனி இறங்கவில்லை. முருங்கை நிழலில் சும்மா நின்றால் போதும் என்றிருந்தது. வளர்க்கிற மரகதம் அதைப் படமெடுத்து, கோழி வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

பதினொரு பேர் யோசனை சொன்னார்கள். ஒருவர் சின்ன வெங்காயம் என்றார், இன்னொருவர் பூண்டும் மிளகும் என்றார், வேறொருவர் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். எல்லாம் நல்ல மனசோடுதான். மரகதமும் யார் மனசும் நோகாமல், அலகைப் பிளந்தும் இறக்கையைத் தூக்கியும் பதினொன்றையும் செய்து முடித்தாள்.

மூன்று வாரத்தில் புது இறகு தானாக முளைத்தது. "எல்லாருக்கும் நன்றி, மருந்து நல்லா கேட்டுருச்சு" என்று குழுவில் எழுதினாள் மரகதம்.

மறுநாளே மதிலுக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டது. அங்கே செவலைக் கோழிக்கு இறகு உதிரத் தொடங்கியிருந்தது. அந்த வீட்டுக்காரியும் அதே குழுவில்தான் இருந்தாள்.

அடுத்த மருந்தை அரைக்க அவள் உள்ளே போனதும், கருப்பி அலுப்போடு மதிலேறி எட்டிப் பார்த்தது.

"திமிறாதடி செவலை. வாயைத் திறந்துட்டா சீக்கிரம் முடிஞ்சிரும். பூண்டு வரும்போது மூச்சை அடக்கிக்க. அப்புறம்..."

செவலை மெதுவாக நிமிர்ந்தது.

"பன்னெண்டாவது ஆளா நீயும் வந்துட்டியாக்கா?"