புல்வெளியில் ஒரு தேர்தல்

ஆகஸ்ட் வெயிலில், எஸ்தோனியாவின் சிறுபான்மை இனமான சேட்டோப் பெண்களின் மார்புப் பதக்கங்கள் தகதகக்கின்றன; அசையும்போதெல்லாம் காசுமாலைகள் கலகலக்கின்றன. குகையில் உறங்குவதாகச் சேட்டோக்கள் நம்பும் தங்கள் அரசருக்குப் பதிலாக இந்த ஆண்டு ஆளப்போவது யார்? பிடித்தவர் பின்னால் வரிசையில் நிற்பதுதான் ஓட்டு. போட்டியிடும் ஓதே பின்னால் நூற்றுப்பன்னிரண்டு பேர். எதிர்த்து நிற்கும் இவ்வோ அவள் கணவனின் அண்ணன். அவர் பின்னாலும் அதே நூற்றுப்பன்னிரண்டு. அந்த வரிசையின் கடைசியில் அவள் கணவன் வாசில், தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு நிற்கிறான். "யோவ், இனிமே சாப்பாடும் உங்க அண்ணன் வீட்லதானா?" என்று ஓதே கத்துகிறாள். கூட்டம் குலுங்கிச் சிரிக்கிறது. "போடா, அவ பின்னால போய் நில்லு. உனக்கு எவன் வடிச்சுக் கொட்டுறது!" என்று இவ்வோ சிரித்தபடி தம்பியைத் தள்ளிவிடுகிறார். வாசில் புல்லில் வழுக்கி எழுந்து ஓடி வருகிறான். ஓதேவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகின்றன. மறுபடி எண்ணுவதற்குள் பெண்கள் ஓதேவின் வெற்றியைப் பாடவே தொடங்கிவிட்டார்கள்.