எலி வாக்கு

பாகீரதியம்மாள் அந்தச் சீசாவை டாக்டர் ஜெசிந்தாவின் மேஜைமீது வைத்த பவ்யத்தைப் பார்த்தவர்கள், உள்ளே இருப்பது கங்கா ஜலம் என்றே நினைத்திருப்பார்கள். இருந்தது சிறுநீர்.

“விசாலத்தோடது. ஸ்நானம் பண்ணி, மடியா எடுத்துண்டு வந்திருக்கேன்” என்றாள்.

சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த டாக்டர், லஸ்ஸில் தன் ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் வெள்ளெலி வளர்த்தார். கர்ப்பிணியின் சிறுநீரைக் குட்டி எலிக்கு ஊசியாகப் போட்டால், அதிலுள்ள ஹார்மோன் எலியின் சூல்பையில் ரத்தப் புள்ளிகளை உண்டாக்கும். இது புது சாஸ்திரம். புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எலிக்கு மோட்சம்தான், அறுத்துப் பார்த்தால்தானே தெரியும். வெங்காயம்கூட நுழையாத வீட்டுக்காக மூன்று எலிகள் உயிரை விடக் காத்திருந்தன.

எல்லாம் மருமகள் விசாலாக்ஷியால் வந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை. மாதாமாதம் வரவேண்டியது அவளுக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளித் தள்ளி வந்தது. சுரப்பி மந்தமாக இருக்கிறது, ஒரு வருஷம் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். ஒரு வருஷமா? பத்தே நாளில் புது மருமகளே வந்துவிடுவாளே என்று பாகீரதியம்மாள் பிள்ளைக்கு இரண்டாம் பெண் தேடிவிட்டாள்.

கிடைத்தவர் தியாகராய நகர் வக்கீல். பெண்ணை இளையாளாகக் கொடுக்க அவருக்குக் கூச்சமில்லை. மூத்தாள் வயிற்றில் ஏதாவது இருந்து, நாளைக்குத் தன் பேரனின் பங்கு பாதியாகிவிடுமோ என்றுதான் கவலை. யார் வாய்ச் சொல்லும் வேண்டாம், எலி இல்லையென்று சொன்ன காகிதம் நேரே தன் கைக்கு வந்தால்தான் முகூர்த்தம் என்று சொல்லிவிட்டார்.

“பொண்ணு வரலையாம்மா?” என்று கேட்டார் டாக்டர்.

“அவ எதுக்கு? செவ்வாக்கிழமைலேர்ந்து சமையல் என் தலைல. இன்னிக்கு வியாழக்கிழமை, இதையும் நானே தூக்கிண்டு வரவேண்டியிருக்கு. நாப்பத்தொண்ணு ஆச்சு எனக்கு. ஆடியோட அந்தத் தொல்லையும் நின்னுடுத்து. பேரனைப் பார்த்துட்டு, இவரோட காசி ராமேஸ்வரம்னு கிளம்பவேண்டிய வயசு.”

“எலி இல்லைன்னு சொன்னா விசாலாக்ஷியை என்ன செய்வீங்க?”

“நாங்க என்ன ராக்ஷசாளா? ஆத்துலயே இருக்கட்டும். புதுசா வரவளுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டாமா?”

இவ்வளவு தாராள மனசை டாக்டர் சீமையில்கூடப் பார்த்ததில்லை. சீசாவை உள்ளே எடுத்துப் போனார்.

அடுத்த புதன்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். பிள்ளை கிச்சா, தாய் சொல்லைத் தட்டாத உத்தமன். மனைவி அழும்போதெல்லாம் மாடிக்குப் போய்ப் பேப்பர் படிக்கிறவன். விசாலாக்ஷி அழுது முடித்த முகத்தோடு சுவரோரமாக நின்றாள்.

“மூணு எலியிலயும் ரத்தப் புள்ளி. சந்தேகமே இல்ல, கர்ப்பம்தான்” என்றார் டாக்டர். “காகிதத்தைக் காலையிலயே வக்கீலுக்கு அனுப்பிட்டேன்.”

கிச்சா ஆறு வருஷத்தில் முதல்முறையாக மனைவியை எல்லார் எதிரிலும் பார்த்துச் சிரித்தான். பாகீரதியம்மாளின் முகம் வெளுத்தது.

“எலி ஏதோ தப்பு பண்ணியிருக்கும்.”

“உங்க சம்பந்தத்துல எலிக்கு என்னம்மா விரோதம்?”

விசாலாக்ஷி சிரிக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. இல்லாத குழந்தைக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே.

“டாக்டரம்மா, போன வாரம் செவ்வாக்கிழமை கார்த்தாலயே நான் ஒதுங்கிட்டேன். வெள்ளிக்கிழமை தலைக்கு ஜலம் விட்டுக்கற வரைக்கும் கொல்லை அறைலதான் இருந்தேன். எனக்கு எப்படி?”

“அப்ப வியாழக்கிழமை சீசாவை எப்படிக் கொடுத்தே?”

“நான் குடுக்கவே இல்லையே. அந்த மூணு நாளும் நான் தொட்ட எதையும் அம்மா தொடமாட்டா.”

எல்லாரும் பாகீரதியம்மாளைப் பார்த்தார்கள். அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“தீட்டுச் சீசாவை நான் எப்படித் தொடறது? வக்கீலானா காகிதம் காகிதம்னு பறக்கறார். எப்படியும் இல்லைன்னுதானே வரப்போறது, யாரோடதா இருந்தா என்னன்னு...”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிதானமாக நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

“காகிதம் போனது போனதுதான். அந்த வக்கீல் இனிமே உங்க வாசப்படி மிதிக்கமாட்டார். விசாலாக்ஷிக்கு நாளையிலிருந்து ஊசி. நீங்க முதல்ல உக்காருங்கம்மா, நிக்கக்கூடாது.”

கிச்சாவுக்கு எதுவும் கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும்.

“அப்போ சீசால இருந்தது யாரோடதும்மா?”

பாகீரதியம்மாள் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“உங்கப்பாகிட்ட யார்டா போய்ச் சொல்றது?”